உலர்துறை இல்லாத துறைமுகத்தில் பாய்க்கப்பலைப் பழுதுபார்ப்பது எப்படி?

திருகோணமலையில் பிறந்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கையில் 74 பீரங்கிகள் கொண்ட பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் கிட் ஒன்று, 1/150 அளவில் இருக்கிறது. அதை வெறுமனே ஒரு தாங்கியில் நிறுத்தாமல், சொந்த ஊர்த் துறைமுகத்தில் உலர்துறைக்குள், அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலின் அடியில் வேலை செய்யும் கல்தொட்டிக்குள், ஏற்றிப் பழுதுபார்ப்பதுபோல ஒரு காட்சியாக அமைக்க விரும்புகிறார். உலர்துறையின் சுவரை எந்தக் கல்லின் நிறத்தில் தீட்டலாம் என்பது அவர் கேள்வி. நிறத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் வேறொரு கேள்வி இருக்கிறது: அந்தக் காலத்தில் அடிபட்டு இங்கே வந்து சேர்ந்த ஒரு பெரிய மரக்கப்பலை எதைக் கொண்டு, எந்த இடத்தில், எப்படிச் சீர்செய்தார்கள்? அதற்கு விடை கண்டுவிட்டால் சுவரும் வேண்டியதில்லை, சுவருக்கு நிறமும் வேண்டியதில்லை.

நான் பேசுவது எந்த அடிப்படையில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் படகு வேலை செய்கிறேன். முதலில் ஓர் ஓடாவியாரிடம் (மரப்படகு கட்டும் தச்சரிடம்) மரவள்ளங்களுக்குக் கலப்பத்து அடிக்க, அதாவது பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைக்கப் பழகி, பிறகு எல்லோரையும் போலப் பைபர் படகுக்கு மாறியவன். மாதிரிக் கப்பல் செய்வது இரவு வேலை. கப்பி, கயிறு, பாரம், மரம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்தின் மேல் நின்று சொல்கிறேன். போர்க்கப்பலின் வரலாறு நான் படித்தறிந்தது. அதில் உறுதியானதை மட்டும் உறுதியாகச் சொல்லி, என் ஊகமாக இருப்பதை ஊகம் என்றே சொல்கிறேன்.

பாய்க்கப்பல் காலத்தில் 74 பீரங்கிக் கப்பலை ஏற்றக்கூடிய உலர்துறை திருகோணமலையில் இருக்கவில்லை. இந்தக் கரைகளில் அதற்குப் பெயர்பெற்ற இடம் பம்பாய். வாடியா குடும்பத்தின் மேற்பார்வையில் 1750இல் அங்கே உலர்துறை அமைந்தது. நம்மிடம் இருந்தது ஆழமும் ஒதுக்கும். இருநூறு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரில்கூட இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது மிதக்கும் துறைதான். 1944 ஓகஸ்ட் மாதம் வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது அது உடைந்து மூழ்கியது. ஐரோப்பியத் துறைமுகங்களை வைத்துச் செய்யப்படும் காட்சிகளில் வற்றின் போது கப்பல் சேற்றில் சாய்ந்து கிடக்க, ஆட்கள் சுற்றி நடந்து அடியைச் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இங்கே நடவாது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்கத்துக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடு கூட வருவதில்லை. உங்கள் கிட்டின் கப்பலோ ஏறத்தாழ ஏழு மீற்றர் நீருக்குள் அமிழ்ந்து நிற்பது. கடல் இறங்கி அதன் அடியைக் காட்டும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் மிஞ்சுவது சாய்ப்பு. பீரங்கி, பாரக்கல், சாமான் எல்லாவற்றையும் இறக்கி, மேற்பாய்மரங்களைக் கழற்றி, பீரங்கி வாய்க்கதவுகளை அடைத்துக் கலப்பத்துச் செய்து, அடிப்பாய்மரத்தின் தலையில் பெரிய கப்பிகளைக் கட்டிக் கரையிலிருந்து இழுத்துக் கப்பலைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். ஒரு பக்கத்து அடி முழுவதும் ஏரா (கப்பலின் அடிநடுவே நீளும் முதுகெலும்பு மரம்) வரைக்கும் வெளியே வரும். மாதிரியில் இது பார்க்கப் பெரிய காட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை: பாய்மரம் கரையை நோக்கிச் சாய்வதால் தளம் கரைப்பக்கமும் அடிப்பக்கம் கடல்பக்கமும் திரும்பிவிடும். கரையில் நடக்கும் வேலையைக் காட்டினால் அடியைக் காட்ட முடியாது. அடியைக் காட்டினால் கரை மறைந்துவிடும். சுற்றிவந்து பார்க்கும் மேசை இல்லாதவருக்கு இது தோதுப்படாது. சில பாகை மட்டும் சாய்த்து நீர்க்கோட்டுக்குக் கீழே கொஞ்சம் வேலை செய்வதும் உண்டு. அதுவும் விளையாட்டல்ல, 1782 ஓகஸ்ட் 29ஆம் திகதி இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் ரோயல் ஜோர்ஜ் என்ற பெரிய போர்க்கப்பல் அப்படிச் சாய்த்திருந்த வேளையிலேயே நீர் புகுந்து, எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது.

அந்தத் திகதியைச் சொன்னதற்குக் காரணம், அதே வாரத்தில்தான் நீங்கள் தேடும் காட்சி நம் ஊரில் தொடங்குகிறது. 1782 ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் திருகோணமலைக் கோட்டைகளை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பற்படையோடு சண்டை. சஃப்ரெனின் சொந்தக் கப்பல் எரோ, 74 பீரங்கி. அது பெரிய பாய்மரத்தை இழந்தது. சண்டை முடிந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது ஓரியாந் என்ற இன்னொரு 74 பீரங்கிக் கப்பல், காவலில் இருந்த அதிகாரியின் தவறால் தரைதட்டி அழிந்தது. கப்பல் போய்விட்டாலும் அதன் மரங்கள் தப்பின. அந்த மரங்களைத்தான் பாய்மரம் இழந்து நின்ற கப்பல்களுக்கு நட்டார்கள். போதாததற்குச் சிறிய ஃபிரிகேட் கப்பல்களின் மரங்களையும் கழற்றி எடுத்தார்கள். செப்டம்பர் 30ஆம் திகதி படை சோழமண்டலக் கரையை நோக்கிப் பாய்விரித்துவிட்டது. நான்கு வாரத்துக்குள், உலர்துறையும் மரக்காலையும் இல்லாத ஒரு குடாவில், செத்த கப்பலின் எலும்பை எடுத்து உயிரோடிருக்கும் கப்பலுக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை. கப்பல் மிதந்தபடியே நிற்கிறது. ஆகவே நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள பகுதியை அறுத்து எறிந்துவிடலாம், செப்புத்தகடு ஒட்டும் வேலையே இல்லை. பெரிய பாய்மரம் இல்லை. ஆகவே கயிற்று வேலையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். முதன்முதலாகப் பாய்க்கப்பல் செய்பவர்கள் கைவிடுவது பெரும்பாலும் கயிற்றில்தான் என்பதால் இது சிறிய ஆறுதலல்ல. கிட்டிலுள்ள கப்பல் எரோ அல்ல, அதே வகுப்பளவுள்ள வேறொன்று. பின்புறச் சிற்பங்கள் வேறாக இருக்கும். பின்புறத்தில் பெயர் எழுதாமல் விட்டுவிடுங்கள், அல்லது கப்பலின் பின்புறம் உங்கள் அறைச் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். நான் இரண்டாவதைச் செய்வேன்.

1782 என்று ஆண்டைக் குறித்துவிட்டால் சில ஆசைகளைக் கைவிட வேண்டும். சுவாமி மலையின் உச்சியில் கோணேசர் கோவிலின் கோபுரத்தை வைக்க மனம் துடிக்கும். போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோவிலின் இடத்தில் இன்று நாம் காணும் கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1782இல் அங்கே கோபுரம் இல்லை. பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் களஞ்சியங்களும் இறங்குதுறைகளும் இல்லை. கோட்டைக்குப் பிரெட்றிக் என்ற பெயரும் பிற்காலத்தது. கொடி மூவர்ணமல்ல, பிரெஞ்சு மன்னரின் வெள்ளைக் கொடி. கப்பலின் பக்கங்களை நெல்சன் காலத்துக் கறுப்பு மஞ்சள் கட்டங்களாகத் தீட்டாதீர்கள். மங்கிய காவிமஞ்சளும், நீர்க்கோட்டை ஒட்டிய தடித்த பலகைகளுக்குக் கறுப்பும் போதும். எச்.எம்.எஸ். திரிங்கோமலி என்ற கப்பலை நினைத்துக்கொண்டு சிலர் இந்தக் காலத்தைக் குழப்புவதுண்டு. அது இந்தச் சண்டையின் நினைவாகப் பெயர் பெற்று, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

கரை எப்படி இருந்திருக்கும் என்பதில் ஊகம் தொடங்குகிறது. உட்துறைமுகத்தின் விளிம்பில் எந்த வளைவில் எரோ நின்றது என்று சுட்டிக்காட்ட என்னால் முடியாது; ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டாமல், பாறையும் குறுகிய மணலும் பற்றைக்காடுமாக ஒரு பொதுவான துண்டை அமைப்பதே நேர்மை. செப்டம்பர் என்பதால் கச்சான் காற்று ஓய்ந்துவரும் காலம், வாடை இன்னும் தொடங்கவில்லை. மரங்கள் பச்சையாகவே இருக்கும், கீழே புல் மட்டும் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும். கடையில் விற்கும் பசும்புல் தூளை அப்படியே தூவினால் அது நுவரெலியாவாகிவிடும். மணலில் பாய்த்துணியால் அடித்த கூடாரம் ஒன்று, கொல்லுலை ஒன்று, கழற்றிப் போட்ட குறுக்குமரங்கள், சுருட்டிய வடங்கள், விரித்துவைத்துத் தைக்கும் ஒரு பாய். இவ்வளவுதான் பழுதுபார்க்கும் தளம். மரக்குவியல் ஒன்று வைக்க விரும்பினால் சவண்டலை மரத்தை நினைத்துத் தீட்டுங்கள். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் அந்த மரம் வெளிநாட்டு வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே அறியப்பட்டு, படகு கட்டவும் பீப்பாய் செய்யவும் போனது. சஃப்ரெனின் ஆட்கள் அதை வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை; இந்தக் கரையில் வைத்தால் பொய்யாகத் தெரியாது என்றே சொல்கிறேன்.

இனி வேலையின் நடுப்புள்ளி. ஒரு 74 பீரங்கிக் கப்பலின் பெரிய அடிப்பாய்மரம் ஏறத்தாழ 35 மீற்றர் நீளமும், அடியில் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் விட்டமும் உடையது; எடை பத்துத் தொன்னுக்குக் குறையாது. உங்கள் அளவில் அது 23 சென்ரிமீற்றர் நீளமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட குச்சி. இதைத் தூக்கி நட, இரண்டு நெடுமரங்களைக் கத்தரிக்கோல்போல உச்சியில் குறுக்காகக் கட்டித் தளத்தின் இருபக்க விளிம்பிலும் கால் ஊன்றி நிறுத்துவார்கள். வசதிக்காக இதைக் கவைமரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அதன் கால் தளத்தைத் துளைத்துவிடாமல் கீழே தடித்த பலகை, பலகைக்கு நேர்கீழே உள்தளங்களில் முட்டுக்கால்கள். முன்னும் பின்னும் இழுவைக் கயிறுகள் கவைமரத்தைப் பிடித்திருக்கும். உச்சியில் தொங்கும் பெரிய கப்பிகளின் வடம் தளத்திலுள்ள சுழல்தூணுக்குப் போகும்; அதைச் சுற்றி ஆட்கள் நெஞ்சை வைத்துத் தள்ளுவார்கள். புதிய பாய்மரத்தை நீரில் மிதக்கவிட்டுக் கப்பலின் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன் எடை சமப்படும் இடத்துக்குச் சற்று மேலே கட்டித் தூக்கினால் அடி கீழே தொங்க, மரம் மெல்ல நிமிரும். பிறகு தளத்துத் துளைக்கு நேரே கொண்டுவந்து, தளம் தளமாக இறக்கி, ஏராவின் மேலுள்ள குழியில் உட்காரவைப்பார்கள். கவைமரம் பாய்மரத்தின் முழு உயரம் இருக்க வேண்டியதில்லை. கட்டும் இடம் நடுவுக்குச் சற்று மேலே என்பதால் 16 அல்லது 17 சென்ரிமீற்றர் போதும் என்பது என் கணக்கு.

எந்தக் கணத்தைக் காட்டுவது? பாய்மரம் பாதி தூக்கப்பட்டு, அடி இன்னும் கப்பலின் பக்கப்பலகையைத் தாண்டாமல் தொங்கும் கணத்தையே நான் தேர்வேன். ஏனென்றால் அப்போதுதான் எந்தக் கயிறு வேலை செய்கிறது என்பது தெரியும். என் முதல் மாதிரி ஒன்றை, வள்ளம் ஒன்றைக் கரையேற்றும் காட்சிதான், வேலை பழக்கிய ஓடாவியாரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எல்லாக் கயிறும் ஒரே விறைப்பா நிக்குது தம்பி. இதில எது பாரத்தைப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு கயிற்றையும் ஒட்டுவதற்கு முன்னர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். பாரம் பிடித்த கயிறு கோடு போட்டதுபோல் நிற்கும். பிடிக்காதது தொய்யும், தளத்தில் கிடந்து சுருளும், காற்றுப்பக்கம் சற்று வளையும். விறைத்த கயிறுகளுக்கு நூலை நம்பாதீர்கள். ஈரம் ஏறி இறங்கும்போது பருத்தி நூல் இறுகவும் தொய்யவும் செய்யும். மெல்லிய உருக்குக் கம்பிக்குச் சாயம் தீட்டிப் பயன்படுத்தலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: தொங்கும் பாய்மரத்தின் அடியைக் குடைந்து தூண்டில் ஈயத்தை உள்ளே வைத்து அடைத்துவிடுவது. மரம் தன் எடையால் தானே தொங்கும், வடம் தானே விறைக்கும், அது சாயும் கோணத்தையும் நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

கயிற்றின் தடிப்பில் பெரும்பாலான கிட்கள் தவறிவிடுகின்றன. பாய்மரத்தைப் பக்கத்தில் தாங்கும் தடித்த கயிறு உண்மையில் ஆறு ஏழு சென்ரிமீற்றர் விட்டம் என்று கொண்டால், உங்கள் அளவில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பாயை இயக்கும் கயிறுகள் 0.2 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. பாய்மரங்களைத் தாங்கும் நிலைக்கயிறுகள் கீல் பூசியவை. அவற்றைக் கரிக்கறுப்பாக்காமல் ஆழ்ந்த கபில நிறமாக்குங்கள். ஓடும் கயிறுகள் வெளிறிய சணல் நிறம். நூலை ஒட்டும் முன்பு தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்தால் பஞ்சு படிந்துவிடும்.

குண்டுத் துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காலத்து 24 இறாத்தல் குண்டின் விட்டம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர்; 1/150இல் அது ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. மூன்று மில்லிமீற்றர் துரப்பணத்தால் துளைத்தவர் உண்மையில் அரை மீற்றர் அகலமான குண்டைச் சுட்டிருக்கிறார். ஒரு மில்லிமீற்றர் ஊசித் துரப்பணம் எடுத்து, ஒழுங்கில்லாமல், ஒரு பக்கத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இடுங்கள். அவற்றில் பாதியை அடைத்துவிடுங்கள்: நீர்க்கோட்டுக்கு அருகிலுள்ள துளைக்கு முதலில் மரமுளை அடித்து, மேலே ஈயத்தகடு வைத்து ஆணியடிப்பது வழக்கம். சாம்பல் நிறத்தில் மூன்று மில்லிமீற்றர்ச் சதுரக் கடதாசித்துண்டு அந்தத் தகடாகிவிடும். முறிந்த பாய்மரத்தின் அடிக்கட்டையை வெளியே எடுத்துக் கரையில் போட்டுவையுங்கள். உண்மை மரக்குச்சியைக் கையால் முறித்தால் வரும் சிம்பு, கத்தியால் செதுக்கினால் வராது. ஆட்களுக்கு ரயில் மாதிரிக் கடைகளில் கிடைக்கும் 1/148 உருவங்கள் பொருந்தும். மாலுமிகளுக்கு ஒரே சீருடை தீட்ட வேண்டாம். அதிகாரிகளைத் தவிர மற்றவர்களுக்கு அப்போது சீருடை இல்லை. கரையோரத்தில் ஊரவர் வள்ளம் ஒன்று தண்ணீரும் காய்கறியும் கொண்டுவருவதுபோல வைப்பது என் விருப்பம், வரலாறு அல்ல.

தண்ணீருக்கு வருகிறேன். இதில் நான் ஒரு கப்பலையே இழந்திருக்கிறேன். பட்டறையில் கிடந்த பைபர் படகுப் பிசினை, கையில் இருக்கிறதே என்று, பிளாஸ்டிக் கப்பலைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரே தடவையில் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு; குறுக்கே வெடிப்பு; அதைவிடக் கேடு, பிசினிலுள்ள ஸ்டைரீன் கிட்டின் பொலிஸ்டைரீனைக் கரைத்து, கப்பலின் பக்கம் மெழுகுபோல் குழைந்துவிட்டது. இரண்டும் ஒரே இனப் பொருள் என்பது தொழிலில் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெளிந்த எப்பொக்சிப் பிசின் அப்படிக் கரைக்காது. அதையும் சில மில்லிமீற்றர் அடுக்குகளாகவே ஊற்ற வேண்டும். ஆனால் நம் துறைமுகத்துக்குப் பிசினே தேவையில்லை என்பது என் கருத்து. கரையை விட்டுச் சிறிது நகர்ந்தாலே அடி தெரியாத ஆழம் அது. பார்ப்பவர் கண் நீருக்குள் போவதில்லை. பலகையின் மேல் கரும்பச்சையும் கருநீலமும் கலந்து தீட்டி, கரையோரத்தில் மட்டும் வெளிறவிட்டு, மேலே பளபளக்கும் அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் ஒற்றி ஒற்றிப் பூசினால் போதும். உட்துறைமுகத்தில் அலை எழாது, சிற்றலைதான். அரை மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்தினால் அது வெளிக்கடலாகிவிடும்.

அடிப்பலகையாகப் பிளைவுட் வைத்தால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்த பலகை ஒரு மாரியில் வில்லாக வளைந்து, கட்டிய கயிறுகளை எல்லாம் ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்திவிடும். மாப்பசை எங்கும் வேண்டாம், கரப்பான் தேடிவரும். தொங்கும் பாய்மரத்தைக் கடைசியாகவே வையுங்கள். பசை எதுவும் போடாமல், கவைமரத்தில் கட்டி, கண்ணாடிப்பெட்டியை மூடாமல் ஓர் இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் அது எந்தப் பக்கம் திரும்பி, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். அடி கப்பலின் பக்கத்தில் முட்டினால் கட்டிய முடிச்சை இரண்டு மில்லிமீற்றர் மேலே நகர்த்தி மறுபடி விடுங்கள். அது நின்ற நிலையில், முடிச்சின் மேல் மட்டும் ஒரு துளி பசை.